திங்கட்கிழமைக் குழம்பு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் காக்கைகள் வராமல் இல்லை. ஏழெட்டு இருக்கும். கொல்லைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாம்பார், வாழைக்காய் வறுவல், உளுந்து வடை, பாயசம் என்று அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தது. சித்தப்பா தொண்டை கட்டும்வரை "கா கா" என்று கூப்பிட்டார். அவை தலையைச் சாய்த்து, மரியாதையாகக் கேட்டுக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. இலையில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குப் படைத்ததைக் காக்கை தொட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். தொடாவிட்டால் போனவருக்கு ஏதோ குறை என்று அர்த்தம். யாராவது முன்னால் வந்து அந்தக் குறையைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுத்தால் காக்கை இறங்கிவிடும் என்பார்கள். சித்தப்பா சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, "அண்ணே, ஒம் பொண்ணு கல்யாணத்த நான் முடிச்சு வெக்கிறேன்" என்றார். ஒரு காக்கையும் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட்டார்கள். அம்மா மட்டும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசையும் அப்படியே. இலை போடுவோம், காக்கைகள் வரும், பார்க்கும், போய்விடும். அம்மா அன்று முழுக்கச் சாப்பிட மாட்டாள். முதலில் அமாவாசை மட்டும் என்றிருந்தது. பிறகு வெள்ளிக்கிழமையும் சேர்ந்தது. பிறகு தினமும் ராத்திரிச் சோறு போயிற்று. ஐந்தாவது அமாவாசைக்குள் அவளுடைய ரவிக்கைத் தோள் இரண்டிலும் ஊக்கு குத்த வேண்டியிருந்தது. கும்பகோணத்து டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ஒண்ணும் இல்ல, சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

"அவரு அங்க பசியோட நிக்கிறாரு. எனக்கு மட்டும் எப்படிடி எறங்கும்?" என்றாள் அம்மா.

அங்க என்றால் அம்மாவுக்குப் பாரிஸ். அப்பா உயிரோடு இருந்தபோதும் அங்கதான், இறந்த பிறகும் அங்கதான். வாய்க்காலில் தண்ணீர் வராமல் குறுவை இரண்டு வருடம் அடுத்தடுத்துப் பொய்த்த பிறகு, காரைக்கால் ஏஜெண்ட் ஒருவர் வழியாக அப்பா பிரான்சுக்குப் போனார். அப்போது நான் நான்காம் வகுப்பு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவார். கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்தோம், ஒன்று நம் நேரம், இன்னொன்று அங்கத்திய நேரம். அவருக்கு மாரடைப்பு என்று தகவல் வந்த அன்று சித்தப்பா இரண்டாவது கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிப் போட்டார். மறுநாள் காலை அது ஓடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. டார்ச் லைட்டில் ஒரு பேட்டரி குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

உடலைக் கொண்டுவர முடியவில்லை. அங்கேயே எரித்து, சாம்பல் ஒரு மூடி போட்ட டப்பாவில் வந்தது. பூம்புகாரில், காவிரி கடலில் சேரும் இடத்தில் கரைத்தோம். கரைத்ததோடு எனக்கு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். நான் திருச்சியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வருமென்று காத்திருந்தவள். எந்தப் பிரச்சினைக்கும் விடை இருக்கிறது, கிடைக்காவிட்டால் நாம் சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்கவில்லை என்பதுதான் அப்போது என் நம்பிக்கை. காக்கை சாப்பிடவில்லையென்றால், நாம் தப்பான சாப்பாட்டை வைக்கிறோம். சரியான சாப்பாடு எது? அதைத் தெரிந்த ஆள் ஒருவர்தான் உண்டு. பாரிஸில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர், சாம்பலைக் கொண்டுவந்து கொடுத்தவர், தரங்கம்பாடிக்காரர். பாய் மாமா என்று கூப்பிடுவோம். ஆனி மாதம் அவர் லீவில் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் திருப்பனந்தாளில் பஸ் ஏறி, மாயவரத்தில் மாறி, அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

டீ வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"அங்க இருக்கிறப்பவும் அண்ணன் சாம்பார், ரசந்தாம்மா" என்றார். "ஆறு நாளும் அதான்."

"ஏழாவது நாள் மாமா?"

அவர் எழுந்து உள் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"மாட்டுக்கறிம்மா."

திருப்பனந்தாள் மடத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டு வாசற்படியை முட்டைகூடத் தாண்டியதில்லை. நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா நெனைக்காத. அண்ணன் அந்த ஓட்டல்ல பாத்திரம் கழுவத்தான் சேந்தாரு. அப்புறம் வெங்காயம் உரிக்க விட்டாங்க. அப்புறம் அடுப்பு. செவப்பு ஒயின்ல மாட்டுக்கறிய மூணு மணி நேரம் வேக வெக்கிற ஒரு கொழம்பு. அவங்க ஊர்ல அதுக்கு ரொம்ப பேரு. ரொம்ப வருஷம் அத வாயிலயே வெக்காம சமைச்சாரு. மோந்து பாத்தே சரியா எறக்கிடுவாராம். அப்புறம் ஒரு பனிக்காலத்துல, பசியா, தனிமையா, என்னான்னு தெரியல, ரூம்லயே ஒரு சட்டி ஆக்கிட்டாரு. அதுலேர்ந்து திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை. அன்னிக்குத்தான் ஓட்டல் லீவு. ஓட்டல்ல பன்னிக் கொழுப்பும் போடுவாங்களாம். ரூம்ல போட மாட்டாரு, எனக்காக."

"நீங்களும் சாப்பிடுவீங்களா?"

"ஒயின் ஊத்துனத நான் எப்படித் தொடுறது? கறியும் ஹலால் இல்ல. எனக்கு வாசனை மட்டுந்தான். ஆனா எத்தன வருஷ வாசனை." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "காலையில வெச்சா சரியா பன்னெண்டுக்கு எறக்குவாரு. ஜன்னலோரம் உக்காந்து சாப்பிடுவாரு. கறிய மொதல்ல தின்னுட்டு, சின்ன வெங்காயத்த எல்லாம் ஓரமா ஒதுக்கி வெச்சுக்குவாரு, கடைசியில ருசிச்சுத் திங்க. அந்த நேரம் பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு."

செய்முறை சொல்லச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். முதலில் கறி வறுபடும் வாசனை. பிறகு கேரட்டும் வெங்காயமும் சிவக்கும் இனிப்பு வாசனை. பிறகு மைதா வறுக்கிற வாசனை. ஒயின் விழுந்ததும் மூக்கில் ஏறுகிற புளிப்பு. பிரியாணி இலை, ஓமவல்லி மாதிரி ஒரு தழை, பூண்டு, மிளகு. ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் அடங்கி, மழை பெய்து ஓய்ந்த மண்ணைப் போல ஒரு வாசனை. அதுவரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது. நான் நோட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிக்கொண்டேன். அதை ஒருதரமும் ருசித்திராதவர் சொல்ல, பார்த்துக்கூட இராத நான் எழுதினேன். சாப்பிடப்போவது காக்கை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாதி உண்மை சொன்னேன். "அப்பாவுக்கு அங்க ஒரு குழம்பு ரொம்பப் பிடிக்குமாம்மா. கேரட், வெங்காயமெல்லாம் போட்டு. ஆடி அமாவாசைக்கு அதை வெச்சுப் பாப்போம்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"செய்யி. ஆனா மாட்டோடது எதுவும் அதுல விழக் கூடாது. நெய், வெண்ணெ, பாலு, எதுவும்."

நான் மாடு என்ற சொல்லையே எடுக்கவில்லை. சொன்னதை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கேரட், வெங்காயம். அவ்வளவுதான். அம்மா ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள். அவள் முகத்தில் நான் படிக்கக்கூடியது எதுவும் இல்லை.

அடுத்த மூன்று வாரம் நான் அந்தக் குழம்பைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. கும்பகோணத்து பிரவுசிங் சென்டரில் போய் அந்தக் குழம்பைத் தேடினேன். படம் திரையில் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாதி இறங்கியதும் பக்கத்து கேபினில் இருந்த நெற்றி நிறைய விபூதி பூசியவர் என்னைப் பார்த்தார். மூடிவிட்டேன். கறிக்குப் பதில் என்ன போடுவது? மீல்மேக்கரை வெறும் தண்ணீரில் மூன்று மணி நேரம் வேகவைத்தேன், தலையணைப் பஞ்சு போலானது. சேனைக்கிழங்கு அடையாளமே இல்லாமல் கரைந்தது. வெண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்று முடிவானது. எலும்புச் சாறு தரும் கொழகொழப்புக்குக் கருப்பு உளுந்து வேகவைத்த தண்ணீர். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, இன்றைக்கும் எனக்கு அதில் பெருமை உண்டு. ஒயினுக்கு நாவற்பழம். வாய்க்கால் கரை மரத்தில் ஆடிக்குக் கொட்டிக் கிடக்கும். பிழிந்து, கொஞ்சம் புளி சேர்த்துக் கொதிக்கவைத்தால் நாக்கைப் பிடித்து இழுக்கிற அந்தத் துவர்ப்பு ஒயினுக்கும் உண்டு என்று எங்கோ படித்திருந்தேன்.

கறிக்குத்தான் விடை கிடைக்கவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "இதப் பாரு."

பலா எங்கள் பக்கம் மாசி பங்குனியில் பிஞ்சு விடும், ஆனியோடு ஓய்ந்துவிடும். கிணற்றடி மரத்தில், வேருக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பிஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. காலம் தப்பிய காய். நேற்றுவரை நான் பார்த்ததில்லை. தினமும் அந்த இடத்தில்தான் குளிக்கிறேன்.

"அறுத்துக்க" என்றாள் அம்மா. "நார் நாரா நிக்கும். கரையாது." எதைப்போல நார் நாராக என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ஆடி அமாவாசை திங்கட்கிழமையில் விழுந்தது. காலண்டரை இரண்டு தடவை பார்த்தேன். தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் உமி அடுப்பைப் பற்றவைத்தேன். நெல் அவிக்கிற பழைய அடுப்பு, ஒருமுறை பிடித்தால் மணிக்கணக்கில் ஒரே சூடு நிற்கும். பலாத்துண்டுகளை நல்லெண்ணெயில் சிவக்க வறுத்தேன். அமாவாசையில் வெங்காயம் பூண்டா என்று சித்தப்பா முகத்தைச் சுளித்தார். அம்மா, "அவருக்குப் புடிச்சது" என்றாள், அவர் அடங்கிவிட்டார். கேரட், சின்ன வெங்காயம், மைதா, நாவற்பழச் சாறு, உளுந்துத் தண்ணீர், தழைகள். நோட்டில் இருந்த வாசனைகளுக்கு ஒவ்வொன்றாக டிக் போட்டேன். படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பது முறை, ஆகையால் விரல் நுனியால்கூடத் தொடவில்லை. முதலில் கத்தரிப்பூ நிறமாக இருந்த சாறு, வேக வேகக் காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்கு வந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு கிண்ணம் எடுத்து இலையில் ஊற்றிச் சோற்றோடு சுவரில் வைத்தோம். காக்கைகள் வந்தன. பார்த்தன. சித்தப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போனார்.

"பிரெஞ்சுக் கொழம்பு பாரு, காக்கா பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுத்தான் வரணும் போல" என்றார். காக்கைகள் பறந்துபோயின. அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மூன்று வாரம். அதைவிட, அம்மாவின் கழுத்தெலும்பு. இனி என்னிடம் கேட்பதற்குக் கேள்வி எதுவும் இல்லை.

அம்மா வந்து சட்டிக்கு மேல் குனிந்தாள். மூச்சை இழுத்தாள்.

"இன்னும் ஆகலடி இது."

"நாலு மணி நேரமாச்சும்மா."

"மாவு போதல. அடியில மாவு கருகுன வாடை ஒண்ணு வரும். கருகியும் கருகாம." அவளே ஒரு வாணலியை எடுத்து மைதாவை எண்ணெயில் போட்டு, காப்பிப்பொடி நிறம் வரும்வரை வறுத்துச் சட்டியில் கொட்டினாள். மறுபடி மோந்தாள். "இன்னும் ரெண்டு பிரியாணி எல போடு. ம். இப்ப மூடு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பெட்டியத் தெறந்தா மொதல்ல அந்த வாடைதான் வரும். சென்ட்டு வாசனைக்கு முன்னாடி, சாக்லேட்டுக்கு முன்னாடி. அவரு சட்டையெல்லாம் ரெண்டு தண்ணி அலசுவேன். மூணாம் நாள்தான் போகும். மாடு கட்டிப் பொழைச்ச வீட்டுப் பொண்ணு நானு. எனக்கு மாட்டு வாடை தெரியாதா?"

"அப்பாகிட்ட கேக்கலையா?"

"கேட்டா சொல்லிடுவாரு. அப்புறம் நான் என்ன பண்றது?"

அவள் கூடத்துக்குப் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன். அவள் பார்த்தது இரண்டாவது கடிகாரத்தை. அங்கே மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

"அவருக்கு லீவு நாளு. எட்டரை மணிக்கு எல போட்டா யாரு சாப்பிடுவா?" என்றாள், சாதாரணமாக, சித்தப்பாவின் முட்டாள்தனத்தைச் சொல்வதைப் போல. பன்னிரண்டு மணி என்று பாய் மாமா சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

மூன்றரை மணிவரை காத்திருந்தோம். வெயில் கொல்லையை வெள்ளையாக்கியிருந்தது. அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. வாய்க்காலில் புழுதி பறந்தது. ஊரில் ஒரு சத்தம் இல்லை, கோழிகூடக் கொக்கரிக்கவில்லை. இரண்டாவது கடிகாரத்தின் முட்கள் பன்னிரண்டில் சேர்ந்தபோது அம்மா புது இலை போட்டு, சோறும் குழம்பும் வைத்து, சுவரில் கொண்டுபோய் வைத்தாள். கா என்று கூப்பிடவில்லை. "சாப்பிட வாங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு காக்கை வந்தது. கிழக்கிலிருந்து. கழுத்திறகெல்லாம் ஒட்டி, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு குட்டையில்கூடத் தண்ணீர் இல்லை. அது நடந்து வந்த இடமெல்லாம் சுண்ணாம்புச் சுவரில் ஈரக் கால்தடம் விழுந்தது. நின்றது. இலையைப் பார்த்தது. பிறகு தின்னத் தொடங்கியது. பலாத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தது. அவசரமே இல்லை. இடையில் தட்டுப்பட்ட வெங்காயத்தை எல்லாம் அலகால் தள்ளித் தள்ளி இலையோரத்தில் சேர்த்தது. நான் அறியாமல் "அப்பா" என்றேன். அது திரும்பவில்லை.

துண்டுகள் தீர்ந்ததும் வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிழக்கே பறந்துபோயிற்று.

அம்மா சுவரிலிருந்து இலையை எடுத்து வந்தாள். அடுக்களையில் தரையில் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் வீடுகளில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் பெண்டாட்டி சாப்பிடுவாள். அப்பா ஊரில் இருக்கும் அந்த ஒரு மாதம் அம்மா அப்படித்தான் சாப்பிடுவாள். நான் அதற்காக அவளிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அன்று சட்டியிலிருந்து அவளுக்குக் குழம்பு ஊற்றினேன். அவள் பிசைந்து, ஒரு வாய் வைத்து, மென்று, விழுங்கினாள். அடுத்த வாய். அதற்கடுத்த வாய்.

"இன்னும் கொஞ்சம் சோறு வை" என்றாள்.

வைத்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததை நான் விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. உப்பே இல்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்று முதல் பதினான்கு வரை எங்கும் உப்பு இல்லை. உப்புக்கு வாசனை கிடையாது. பாய் மாமாவின் மூக்குக்கு அது தெரிந்திருக்காது, அம்மாவின் மூக்குக்கும் தெரியாது. ருசி பார்க்கக் கூடாதென்று நானும் பார்க்கவில்லை.

"அம்மா, உப்பே போடல. எப்படிச் சாப்பிடற?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கே. சரியாத்தான் இருக்கு."

"இல்லம்மா, நான் இப்பத்தான் பாத்தேன்."

அவள் இலையோரத்தில் ஒதுங்கியிருந்த சின்ன வெங்காயங்களில் ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள். கடித்தேன். பூம்புகாரில் சாம்பலைக் கரைத்த அன்று ஓர் அலை முகத்தில் அடித்து வாயில் புகுந்தது. அதே கரிப்பு.

"இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, மிச்ச வெங்காயத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் சாப்பிட்டு முடித்தாள். அன்று ராத்திரியும் சாப்பிட்டாள். மறுநாள் காலையிலும்.

பெங்களூர்க் கடிதம் ஆவணியில் வந்தது. நான் கிளம்பும்வரை திங்கட்கிழமை தோறும் மூன்றரைக்கு அம்மா ஓர் இலை போட்டாள். நான்தான் குழம்பு வைத்தேன். உப்பு மட்டும் போட வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.